சதுரக் கொப்பியில் தேவர்கள்

முதலில் ஒரு சதுரக் கொப்பி வாங்குங்கள், பிள்ளைகள் கணக்குக்குப் பாவிக்கிற கட்டம் போட்டது. கூடவே ஒரு பென்சிலும் அழிறப்பரும். பேனை வேண்டாம், முதல் மூன்று மாதமும் நிறைய அழிக்க வேண்டி வரும்.

நவபிளேட்டோனியர்கள் என்பவர்கள் பிளேட்டோவின் வழியில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் எழுதிய கிரேக்கத் தத்துவஞானிகள். புளோட்டினஸ், இயாம்பிளிக்கஸ், புரொக்ளஸ் போன்ற அவர்களுடைய நூல்களைத் திறந்தால் தேவர், தூதர், டைமோன், வீரர் (தெய்வத்தன்மை கொண்ட பழங்கதை நாயகர்) என்று ஒரு பெருங்கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் வழி தவறாமல் படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் 31 வருடம் கணிதம் படிப்பித்தேன். புரொக்ளஸ் என் கைக்கு வந்தது கேத்திரகணிதத்தின் வழியாக. யூக்ளிட்டின் முதலாம் புத்தகத்துக்கு அவர் ஒரு உரை எழுதியிருக்கிறார். கேத்திரகணிதத்துக்கு அரச பாதை கிடையாது என்று யூக்ளிட் தொலமி மன்னனுக்குச் சொன்னதாக நாங்கள் எல்லா வகுப்பிலும் சொல்கிற கதை அந்த உரையில்தான் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோதுதான் அதே மனிதர் தேவர்களைப் பற்றியும் யூக்ளிட் பாணியில் ஒரு நூல் எழுதியிருப்பது தெரிந்தது. 'இறையியலின் மூலங்கள்' என்பது அதன் பெயர். 211 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே நிறுவல். தேவர்களுக்கு நிறுவல் எழுதிய ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் பின்னேரம் ஐந்து பேர் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து படிக்கிறோம். புதிதாக வருகிற யாரும் முதல் நாளே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ரீச்சர், எல்லாத்துக்கும் மேல ஒண்டுதான் எண்டு சொல்லுற ஆக்களுக்கு எதுக்கு இத்தனை தெய்வம்?" இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கட்டங்களை நிரப்பிக்கொண்டு போகும்போது பதில் வரும்.

எங்கிருந்து தொடங்குவது

நேராகப் புரொக்ளஸைத் திறக்காதீர்கள். பிளேட்டோவின் 'விருந்து' என்ற உரையாடலில் தியோத்திமா என்ற ஞானப்பெண் சோக்கிரதீசுக்குச் சொல்லும் இடத்தை எடுங்கள். ஈரோஸ், அதாவது காதல், ஒரு தேவனா என்பது கேள்வி. இல்லை என்கிறாள் அவள். அப்படியென்றால் சாகிற மனிதனா? அதுவும் இல்லை. அது ஒரு பெரிய டைமோன், தேவருக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பது. மனிதருடைய வேண்டுதலையும் பலியையும் மேலே கொண்டுபோகும், தேவர்களுடைய கட்டளையையும் கைம்மாறையும் கீழே கொண்டுவரும். இடைவெளியை நிரப்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும். ஒரு பக்கம்கூட வராத பகுதி இது. ஆனால் அடுத்த எண்ணூறு வருடத்துக்கும் மேலாக வந்தவர்கள் இதன் மேல்தான் கட்டினார்கள். சத்தமாக இரண்டு தடவை வாசியுங்கள்.

டைமோன் என்ற சொல்லை அப்படியே தமிழெழுத்தில் எழுதுங்கள். பேய் என்று மொழிபெயர்க்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பிசாசு என்ற பொருள் ஏறியது கிறிஸ்தவ காலத்தில்தான். தொடக்கத்தில் ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லைக் கண்டுவிட்டு, இது ஏதோ பேயோட்டுகிற விஷயம் என்று ஒரு வருடம் அந்தப் பக்கங்களை எல்லாம் தள்ளிக்கொண்டே போனேன். அந்த வருடத்தில் நான் படித்தது பாதிப் புத்தகம்தான். தேவதை என்ற சொல்லும் உதவாது, இந்தக் காலத்தில் அது இறகு வைத்த பெண்ணைத்தான் கண்முன் கொண்டுவரும்.

அடுத்தது புளோட்டினஸ். ஏறத்தாழ 205இல் பிறந்து 270இல் இறந்தவர். அலெக்சாந்திரியாவில் அம்மோனியஸ் சக்காஸிடம் பதினொரு வருடம் படித்தார். பாரசீகருடைய தத்துவத்தையும் இந்தியருடைய தத்துவத்தையும் அறிய வேண்டும் என்று 243இல் மூன்றாம் கோர்டியன் பேரரசனின் படையோடு கிழக்கே புறப்பட்டார். அடுத்த வருடம் பேரரசன் இறந்துபோக, உயிர் தப்பி அந்தியோக்கியாவுக்கு ஓடி, நாற்பது வயதில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார். நம்முடைய பக்கம் வரவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் உபநிடதத்திலிருந்து எடுத்தார் என்று அடித்துச் சொல்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். ஒப்பிட்டுப் பாருங்கள், தாராளமாக. இங்கே பிறந்த ஆனந்த குமாரசுவாமி வாழ்நாள் முழுக்க அப்படி ஒப்பிட்டவர்தான். ஆனால் ஒன்றுபோல இருப்பது வேறு, எடுத்துக்கொண்டது வேறு.

புளோட்டினஸின் 54 கட்டுரைகளை மாணவர் போர்பிரி ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதியில் அடுக்கினார். கிரேக்கத்தில் ஒன்பதின் கூட்டத்துக்கு எனியட் என்று பெயர். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், மூன்று போதும். ஐந்தாம் எனியட்டின் முதற் கட்டுரை, 'ஒன்று', 'பேரறிவு', 'ஆன்மா' என்ற மூன்று நிலைகளை விளக்கும். மூன்றாம் எனியட்டின் ஐந்தாவது, ஈரோஸைப் பற்றியது. அதே எனியட்டின் நான்காவது, நமக்கு வாய்த்த காவல் டைமோனைப் பற்றியது.

இந்தக் கடைசிக் கட்டுரையில் கொஞ்சம் நின்று போகலாம். இது எழுதப்பட்டதற்குப் போர்பிரி ஒரு காரணம் சொல்கிறார். ரோமுக்கு வந்த எகிப்தியப் பூசகர் ஒருவர், புளோட்டினஸின் காவல் டைமோனைக் கண்ணுக்குக் காட்டுகிறேன் என்று ஐசிஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அழைத்தபோது வந்தது டைமோன் அல்ல, ஒரு தேவன். காவலுக்காகக் கோழிகளைக் கையில் பிடித்திருந்த நண்பர் பொறாமையிலோ பயத்திலோ அவற்றின் கழுத்தை நெரித்துவிட, தோற்றம் மறைந்துபோனது. கேள்வி கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கட்டுரையில் இந்தக் கதை இல்லை, கருத்து மட்டும் இருக்கிறது. நாம் எந்தப் படியில் வாழ்கிறோமோ, அதற்கு நேர் மேலே இருக்கிற படிதான் நமக்கு டைமோன். புலன்களில் வாழ்கிறவருக்குப் பகுத்தறிவு டைமோன், பகுத்தறிவில் வாழ்கிறவருக்கு அதற்கும் மேலே உள்ளது. எனக்கு இது வகுப்பறையாகத்தான் விளங்கியது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து போடுகிற பிள்ளையிடம் "இது ஏன் வந்தது?" என்று கேட்டால் ஒரு கணம் திகைத்து நிற்பாள். அந்தத் திகைப்பில் அவளைப் பிடித்து மேலே இழுப்பது நிறுவல். நிறுவல் கைவந்த பிள்ளைக்கு அதுவே அவளுடைய தரை ஆகிவிடும், பிறகு இழுப்பது வேறொன்று. டைமோன் வெளியே எங்கேயோ நிற்கிற காவற்காரன் அல்ல என்று புளோட்டினஸ் சொல்வதை இப்படி எடுத்துக்கொண்டால் வழுக்காது.

அவருடைய இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். அமேலியஸ் என்ற மாணவர் விழா நாட்களில் கோயில் கோயிலாகப் போகிறவர். ஒருநாள் குருவையும் கூப்பிட்டார். "அவர்கள்தான் என்னிடம் வரவேண்டும், நான் அவர்களிடம் அல்ல" என்றார் புளோட்டினஸ். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை என்று போர்பிரி எழுதுகிறார். இதை அகங்காரம் என்று உடனே தீர்ப்பெழுத வேண்டாம். கொப்பியில் குறித்து வைத்துவிட்டு நகருங்கள், பின்னால் வேண்டி வரும்.

கட்டம் வரைதல்

இப்போது புதுப் பக்கம். மேலே இரண்டு விரல் அளவு வெறுமையாக விட்டுவிட்டு ஒரு கோடு இழுங்கள். அந்த வெறுமைதான் 'ஒன்று'. அதில் எதையும் எழுதாதீர்கள், 1 என்ற இலக்கத்தைக்கூட. ஒன்று என்ற பெயரே பல அல்ல என்ற மறுப்பைத் தவிர வேறொன்றையும் சொல்லாமல் இருக்கலாம் என்கிறார் புளோட்டினஸ். கணக்கில் வருகிற 1, 2க்கு முன்னால் நிற்கிற ஒரு எண். இது எந்த வரிசையிலும் நிற்காது.

கோட்டுக்குக் கீழே வரிகள். முதல் வரியில் தேவர்கள் தாமே. புரொக்ளஸ் இவர்களை 'ஹெனாட்' என்பார், நான் ஒருமை என்று எழுதுகிறேன். அதன் கீழே இருப்பும் பேரறிவும், அதன் கீழே உலக ஆன்மாவும் விண்மீன்களின் ஆன்மாக்களுமாகிய தெய்விக ஆன்மாக்கள். பிறகு தூதர், டைமோன், வீரர் என்று மூன்று வரி. இயாம்பிளிக்கஸ் பிரதான தூதர், ஆட்சியாளர் என்று இன்னும் இரண்டு வரி சேர்ப்பார், தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம். பிறகு மனித ஆன்மா, விலங்கு, செடி, கடைசியில் கல்.

நிறையப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வரிகளை மனப்பாடம் செய்துவிட்டு நவபிளேட்டோனியம் தெரியும் என்று சொல்வார்கள். அதில் பாதிதான் தெரியும். நெடுக்குக் கோடு போடாத பக்கம் அது.

ஆகவே நெடுக்காக மூன்று கோடு போட்டு, மேலே சூரியன், சேயுஸ், அதீனா என்று எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு பெயரும் மேல்வரியிலிருந்து கல் வரைக்கும் இறங்குகிறது. கிரேக்கத்தில் இதற்கு 'செய்ரா' என்று பெயர், கயிறு அல்லது சங்கிலி. ஒவ்வொரு தேவனுடைய தனித்தன்மையும் தனக்குக் கீழே உள்ள எல்லா வகைகளுக்கும் போய்த் தன்னைத் தருகிறது என்று 'இறையியலின் மூலங்கள்' நூலின் 145ஆம் கூற்றில் புரொக்ளஸ் நிறுவுகிறார். என்னுடைய எண்ணத்தில் புத்தகம் முழுவதற்கும் திறப்பு அந்தக் கூற்றுதான். வரி ஒரு பொருள் எவ்வளவு பெறுகிறது என்று சொல்லும். நெடுக்கு அது யாரிடமிருந்து பெறுகிறது என்று சொல்லும்.

இதை வைத்துப் படிக்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு தேவனுடைய பெயர் வந்தால் நிறுத்தி, இது எந்த வரி என்று கேளுங்கள். சேயுஸை எடுத்துப் பார்ப்போம். புரொக்ளஸின் 'பிளேட்டோவின் இறையியல்' நூலில் குரோனஸ், ரேயா ஆகியோருக்கு அடுத்து மூன்றாவதாக நிற்கும் சேயுஸ்தான் உலகைப் படைத்தவன். அதற்குக் கீழே பொசைடன், புளூட்டோவோடு நிற்கும் இன்னொரு சேயுஸ். அதற்கும் கீழே பன்னிரு தேவர்களில் முதல்வனாக ஒரு சேயுஸ். வானத்தில் வியாழனாக ஒரு சேயுஸ். பெயர் ஒன்று, கட்டம் நான்கு. புளோட்டினஸும் சேயுஸ் என்ற பெயரைச் சில இடத்தில் படைப்பவனுக்கும் சில இடத்தில் உலக ஆன்மாவுக்கும் வைக்கிறார், அப்படி இரண்டுக்கும் வழங்குவதை நான்காம் எனியட்டில் வெளிப்படையாகவே சொல்கிறார். டைமோன்களும் தங்கள் தலைவனுடைய பெயராலேயே அழைக்கப்படுவதில் மகிழ்கின்றன என்கிறார் புரொக்ளஸ். அப்பொலோவின் வரிசையில் கீழே நிற்கிற டைமோனுக்கும் பெயர் அப்பொலோதான். அதனால் யாராவது அப்பொலோவைக் கண்டேன் என்றால் எந்த அப்பொலோ என்று கேட்க வேண்டும்.

பன்னிருவர் யார் யார், யாருக்கு என்ன வேலை என்று தெரியாவிட்டால் சலுஸ்தியஸ் எழுதிய 'தேவர்களும் உலகமும்' என்ற சிறு நூலைப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டு, ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். சேயுஸ், பொசைடன், எபைஸ்தோஸ் உலகை ஆக்குகிறார்கள். திமீத்தர், ஏரா, ஆர்த்தெமிஸ் அதற்கு உயிர் தருகிறார்கள். அப்பொலோ, அப்ரோதீத்தி, எர்மிஸ் இசைவிக்கிறார்கள். எஸ்தியா, அதீனா, ஆரிஸ் காக்கிறார்கள்.

அழிக்க வேண்டியவை

இனி அழிறப்பருக்கு வேலை. தமிழ் வாசகர் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், முதல் வரியைக் கண்டவுடன் நம்முடைய தெய்வங்களை அதில் எழுதுவது. நானும் எழுதினேன். எங்கள் வட்டத்தில் ஒரு ஐயா, சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர், மேல் வெறுமையில் சிவம் என்றும் ஒருமைகளின் வரியில் அட்டவித்தியேசுரர் (சிவனுக்குக் கீழே நிற்கும் எண்மர்) என்றும் எழுதி வந்தார். மூன்று போயா அதைப் பற்றியே கதைத்தோம். முடிவில் அவரே அழித்தார். அனந்தர் முதலிய வித்தியேசுரர் விஞ்ஞானகலர், அதாவது ஆன்மாக்கள். பிரமனும் திருமாலும்கூடச் சித்தாந்தத்தில் பசுக்கள்தான், அதாவது கட்டுண்ட ஆன்மாக்கள்தான், சிவன் கொடுத்த அதிகாரத்தில் நின்று தொழில் செய்கிறவர்கள். புரொக்ளஸின் ஒருமைகள் ஆன்மாக்கள் அல்லர், ஒரு பதவியில் அமர்த்தப்பட்டவர்களும் அல்லர். அவர்கள் இருப்புக்கும் மேலே. நன்மையே அவர்களுடைய நிலை. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிலும் இருந்தபடியே தனித்தும் இருக்கிறார்கள். மரங்கள் தங்கள் தலையால், அதாவது வேரால், மண்ணில் ஊன்றியிருப்பதுபோலத் தேவர்கள் தங்கள் உச்சியால் ஒன்றில் ஊன்றியிருக்கிறார்கள் என்று பிளேட்டோவின் 'பார்மெனிதீஸ்' உரையாடலுக்கு எழுதிய உரையில் புரொக்ளஸ் சொல்கிறார். கீதையின் தலைகீழ் அரசமரம் ஞாபகத்துக்கு வரும். வரட்டும், ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், கட்டத்துக்குள் வேண்டாம்.

இரண்டாவது, கந்தோர் மாதிரி எண்ணுவது. அமைச்சர், செயலாளர், எழுதுவினைஞர், கீழே பியோன் என்று இந்த வரிகளைப் பார்க்கிறவர்கள் உண்டு. இந்த நாட்டில் அது எளிதாக வருகிற எண்ணம். விகாரைக்குப் பக்கத்துத் தெய்வக் கோயிலிலும் பெரிய தெய்வத்திடம் வரம் வாங்கித்தான் சின்னத் தெய்வம் வேலை செய்யும் என்று சிங்களச் சினேகிதிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நவபிளேட்டோனியத்தில் மேலே உள்ளவர் வேலையைக் கீழே தள்ளிவிட்டு விலகி இருப்பதில்லை. போர்பிரி ஒரு கடிதத்தில் கேட்டார்: தேவர்கள் வானத்தில் மட்டும் இருக்கிறார்கள் என்றால் பூமியிலும் பாதாளத்திலும் உள்ளவர்களை ஏன் அழைக்கிறீர்கள்? இயாம்பிளிக்கஸின் பதில், சூரிய ஒளி எல்லாப் பொருளிலும் விழுந்தும் எதிலும் அடைபடாமல் இருப்பதுபோல, தேவர்கள் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே நிரப்புகிறார்கள். தேவனுடைய கொடை கல்வரைக்கும் போய்ச் சேருகிற வழிதான் டைமோன். வழி எவ்வளவு நீண்டாலும் கொடுக்கிறவர் அதே ஆள்.

"அப்ப ரீச்சர், எங்கட ஒழுங்கை முடக்கில இருக்கிற வைரவர் டைமோனோ?" என்று வட்டத்தில் இளையவள் கேட்டாள். நல்ல கேள்வி, அதற்கு ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடாது. காவல் காக்கிறார், எல்லையில் நிற்கிறார், அதில் ஒப்புமை உண்டு. ஆனால் வைரவர் சிவமூர்த்தம், சிவனே அந்த வடிவில் என்றுதான் நாங்கள் கும்பிடுகிறோம். அப்படிப் பார்த்தால் அவர் ஒரு வரியில் அடங்காமல் ஒரு நெடுக்குக்கோடு முழுவதும் நிற்பார். அவள் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நெடுக்குக்கோடு என்றால் என்ன என்று அவளுக்கு அன்றுதான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

ஏன் இத்தனை பேர் வேண்டும்

முதல் பக்கத்துக் கேள்விக்கு இப்போது வரலாம். இதற்கு ஒரு தனிப் பிணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய ஆன்மாவின் ஒரு பகுதி ஒருபோதும் கீழே இறங்கவில்லை, இன்னும் மேலேதான் இருக்கிறது என்பது புளோட்டினஸின் துணிபு. அப்படியென்றால் உள்ளே திரும்பினால் போதும், வீடு அங்கேயே இருக்கிறது. தேவர்கள் என்னிடம் வரட்டும் என்று அவர் சொன்னது இந்தத் துணிபோடு பொருந்திப் போகிறது.

சிரியாவின் கல்கிஸ் ஊரவரான இயாம்பிளிக்கஸ் இதை மறுத்தார். ஆன்மா முழுவதாகத்தான் இறங்கியிருக்கிறது. புரொக்ளஸ் இதையே தன் நூலின் கடைசிக் கூற்றாக, 211ஆவதாக, நிறுவி முடிக்கிறார். கூற்றுகளின் ஒழுங்கில் ஒன்றிலிருந்து தொடங்கி, கடைசியில் முழுவதாக விழுந்திருக்கிற நம்மிடம் வந்து நிற்கிறது நூல். முழுவதாக விழுந்தவர் தன் தலைமயிரைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்ள முடியாது. மேலிருந்து கை வர வேண்டும், அந்தக் கை நாம் இருக்கிற படிவரைக்கும் எட்ட வேண்டும். தூதரும் டைமோனும் வீரரும் அந்தக் கையின் நீளம். சிந்தனை மட்டும் தேவரோடு இணைக்காது, இணைக்குமென்றால் தத்துவம் படித்தவர் எல்லோரும் இணைந்திருப்பார்களே என்று இயாம்பிளிக்கஸ் கேட்கிறார். படிக்கிறவளாக எனக்கு அந்த வரி சுட்டது, இன்றைக்கும் சுடுகிறது. சடங்கு, சின்னம், கல், மூலிகை, வாசனை எல்லாம் அவர்களிடம் பெரிய இடம் பெறுவது இதனால்தான். அந்தச் செயலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தெயூர்கியா', இறைச்செயல்.

கீழ்வரிகளை நிரப்புதல்

மேல்வரிகளைப் புத்தகம் பார்த்து நிரப்பலாம். கீழ்வரிகளை வீட்டிலேயே பார்த்து நிரப்பலாம். 'பூசைக் கலை' பற்றிப் புரொக்ளஸ் எழுதியதில் நாலைந்து பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு திரி வருகிறது. நாங்கள் அதைப் படித்தது 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த நாட்களில். மேசையில் ஒரு காமாட்சி விளக்கு, ஒரு மெழுகுதிரி. திரியை முதலில் சூடாக்கி, எரியும் விளக்கின் சுடருக்குக் கீழே, தொடாமல், கிட்டப் பிடித்தால் அது தானே பற்றிக்கொள்ளும், நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும் என்கிறார்.

செய்து பார்த்தோம். பஞ்சுத்திரி ஒன்றை எண்ணெயில் தோய்த்து மெழுகுதிரியில் பற்றவைத்து ஊதி அணைத்தோம். நுனி சிவந்திருக்க, வெள்ளைப் புகை நூலாக மேலே எழும்பியது. அதை விளக்குச் சுடருக்கு ஒரு அங்குலம் கீழே, சற்றுப் பக்கமாகப் பிடித்தேன். முதல் தடவை கை நடுங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை புகை சுடரைத் தொட்ட இடத்தில் நெருப்பு பிடித்து, அந்தப் புகையின் வழியே குதித்து இறங்கித் திரியில் உட்கார்ந்தது. கண்மூடித் திறக்கும் நேரம். பக்கத்தில் இருந்த அக்கா "ஐயோ" என்று கையை வாயில் வைத்தா. புகையில் உள்ள எண்ணெய் ஆவிதான் எரிகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மேசை அமைதியாகிவிட்டது.

புரொக்ளஸ் இதற்குப் பொருள் சொல்கிறார். திரி சூடேறியிருப்பது கீழுள்ள பொருளுக்கு மேலுள்ளதோடு இருக்கும் உறவு. கிட்டக் கொண்டுபோய் உரிய இடத்தில் பிடிப்பது சடங்கு. நெருப்பு இறங்குவது தெய்வ ஒளி வருவது. பற்றிக்கொள்வது சாகிற உயிர் தெய்வமாவது. நீங்களும் செய்து பாருங்கள், யன்னலைச் சாத்திவிட்டு, திரைச்சீலைக்குத் தள்ளி. பிறகு சூரியனுடைய நெடுக்குக்கோட்டில் அந்த நாலைந்து பக்கத்தில் வருவதை எழுதுங்கள். விலங்கு வரியில் சேவலும் சிங்கமும். செடி வரியில் சூரியன் பக்கம் திரும்பும் ஹீலியோத்ரோப், விடியும்போது இதழ் விரித்து ஏற ஏற மலர்ந்து சாயச் சாயக் கூம்பும் தாமரை. மனிதர் உதட்டைத் திறந்து மூடித் துதிப்பதற்கும் தாமரை இதழை விரித்து மூடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். சேவலை எழுதும்போது முருகனுடைய கொடியை நினைக்க வேண்டாம், அது வேறு கொப்பி.

அதீனாவின் கோட்டில்

கடைசியாக நிரப்ப வேண்டியது அதீனாவின் கோடு. அதற்குப் புரொக்ளஸின் மாணவர் மரினஸ் எழுதிய அவருடைய வாழ்க்கையைப் படியுங்கள். 412இல் கொன்ஸ்தாந்திநோபிளில் பிறந்து 485இல் ஏதென்ஸில் இறந்த இந்த மனிதர், தத்துவம் படித்தவர் ஒரு நகரத்துக்கு மட்டும் அல்ல, உலகம் முழுவதுக்கும் பூசகராக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காசாவின் மார்னாஸ், பிலேயின் ஐசிஸ், அரேபியரின் தியாந்திரித்தஸ் என்று பிற ஊர்த் தெய்வங்களுக்கும் துதி பாடினார். அவர் பாடியதில் ஏழு துதிகள் இன்றும் இருக்கின்றன, ஒன்று அதீனாவுக்கு. அப்படி வாழ்ந்தது பழைய தெய்வங்களின் வழிபாட்டைக் கிறிஸ்தவப் பேரரசின் சட்டம் தடுத்திருந்த காலத்தில். அவருக்குப் பிறகு 529இல் பேரரசன் யஸ்தினியன் ஏதென்ஸில் தத்துவம் படிப்பிப்பதையே நிறுத்திவிட்டான்.

பார்த்தெனோன் கோயிலிலிருந்து அதீனாவின் சிலையை எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் புரொக்ளஸின் கனவில் ஒரு அழகான பெண் வந்து, வீட்டைச் சீக்கிரம் ஆயத்தம் செய், ஏதென்ஸின் நாயகி உன்னோடு வந்து இருக்க விரும்புகிறாள் என்று சொன்னாளாம். அவருடைய வீடு கோட்டைக்குன்றின் தெற்கே, அஸ்கிளேப்பியஸ் கோயிலுக்கும் தியோனிசஸ் அரங்குக்கும் கிட்ட இருந்தது.

நான் இதை வாசித்து முடித்தபோது அக்கா கொப்பியை எடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து யுத்தத்தில் இடம்பெயர்ந்து எல்லோரும் நடந்தபோது, சாமியறையில் இருந்த முருகனுடைய வேலை ஒரு சீலையில் சுற்றிப் பையின் அடியில் வைத்து எடுத்து வந்தவ. சாவகச்சேரி, பிறகு வன்னி, பிறகு வவுனியா, பிறகு இங்கே. இப்போது அந்த வேல் மூன்றாம் மாடியில் ஒரு அறை வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பலகையில் இருக்கிறது. "வீட்டை ஆயத்தம் செய் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் அவரிட்டக் கேட்டனான், இந்த இடம் காணுமோ எண்டு" என்றா.

அதீனாவின் கோட்டில் கல்லுக்கும் கீழே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதில் 'வீடு' என்று எழுதினோம், பேனையால்.